நடுக்கோட்டிலிருந்து 50 அடி

எங்கள் வீட்டிலிருந்து நூலகத்துக்கு ஒரே நேர் சாலை. இரண்டு மைல். அந்த இரண்டு மைலுக்குள் அது நான்கு முறை அகலம் மாறும். கிளம்பும்போது இரண்டே தடம், ஓரத்தில் புல், புல்லுக்கு அப்பால் மழைநீர்ப் பள்ளம். கொஞ்ச தூரம் போனால் வலப்பக்கம் மட்டும் திடீரென்று விரிந்து ஒரு தடம் கூடும். சிமெண்ட் விளிம்பு, நடைபாதை, வரிசையாக விளக்குக் கம்பங்கள் எல்லாம் வரும். ஏதோ பெரிய நகரத்துக்குள் நுழைந்துவிட்டோம் என்று நினைப்பதற்குள் அந்த நடைபாதை ஒரு மக்காச்சோள வயலில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். கூடிய தடமும் காணாமல் போகும். அப்புறம் இடப்பக்கம் விரியும், மறுபடி சுருங்கும். வானத்திலிருந்து எடுத்த படத்தில் பார்த்தால் எலி கடித்த ரொட்டி மாதிரி இருக்கும். இங்குள்ள பொறியாளர்கள் இதற்கு ரம்பப்பல் சாலை என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

வந்த புதிதில் யாரோ ஒரு முட்டாள் வரைந்த சாலை என்றுதான் நினைத்தேன். யாருமே வரையவில்லை என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு வருடத்தில், ஒவ்வொரு பில்டரிடம், ஒவ்வொரு பேரத்தில் கிடைத்தது.

நான் இருப்பது அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில். 1785-ஆம் ஆண்டின் நிலச் சட்டம் இந்தப் பக்கத்து நிலத்தையெல்லாம் ஒரு மைலுக்கு ஒரு மைல் என்று கட்டம் கட்டிப் பிரித்தது. அளந்தது சங்கிலியால், ஒரு சங்கிலி 66 அடி. கட்டத்தின் கோட்டிலேயே சாலை போட்டார்கள். பல இடங்களில் அதற்கு ஒரு சங்கிலி அகலம், அதாவது கோட்டுக்கு இந்தப் பக்கம் 33 அடி, அந்தப் பக்கம் 33 அடி. வைக்கோல் வண்டிக்கு அது தாராளம். இன்றைக்கு எங்கள் ஊரின் சாலைத் திட்டம் இதே சாலைக்கு 100 அடி வேண்டும் என்கிறது. நடுக்கோட்டிலிருந்து 50. கையில் இருப்பது 33. மீதி 17 அடி யார் கொடுப்பது?

விவசாயியிடமிருந்து ஊர் எடுக்கலாம். ஆனால் அரசியல் சட்டத்தின் ஐந்தாம் திருத்தம், பொதுப் பயனுக்குத் தனியார் சொத்தை எடுத்தால் நியாயமான ஈடு கொடுத்தாக வேண்டும் என்கிறது. ஊரிடம் பணம் இல்லை. அதனால் ஊர் காத்திருக்கும். என்றாவது ஒரு நாள் விவசாயியின் பிள்ளைகள் நிலத்தை விற்பார்கள். வாங்கிய பில்டர் மனை பிரிக்க அனுமதி கேட்டு வந்து நிற்பார். அப்போது, சரி, அந்தப் பதினேழு அடியை முதலில் பொதுவுக்கு எழுதிக் கொடுங்கள் என்பார்கள்.

சதுரமான நாற்பது ஏக்கர் நிலம் ஒன்றுக்குச் சாலையோர நீளம் 1,320 அடி. அதைப் பதினேழால் பெருக்கினால் 22,440 சதுர அடி. அரை ஏக்கருக்குச் சற்று மேல். நாற்பது ஏக்கர் வைத்திருப்பவர் அரை ஏக்கருக்காக மல்லுக்கட்ட மாட்டார். அந்தப் பதினேழு அடி மேல் யார் தார் போடுவது, யார் வடிகால் கட்டுவது, திரும்பும் தடம் யார் செலவு, சிக்னல் யார் செலவு என்று வரும்போதுதான் சண்டை.

எழுதி வாங்கும் வழக்கம் பழையது. லாஸ் ஏஞ்சலஸில் ஏர்ஸ் என்ற மனைப்பிரிவுக்காரரிடம், செபுல்வேடா பெருஞ்சாலையை அகலப்படுத்தப் பத்தடி நிலமும் வேறு சில நிபந்தனைகளும் கேட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 1949-ல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் நகரத்தின் பக்கம் நின்றது. மனை பிரித்து விற்கும் லாபத்தைக் கேட்டு வந்தவர் நீங்கள்தானே, ஊர் உங்களைத் தேடி வரவில்லையே என்கிற ரீதியில் தீர்ப்பு. அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக் காலம் அனேகமாக ஊர் கேட்டதுதான் கணக்கு.

நான் இந்தக் கணக்குக்குள் வந்தது பொதுநலத்தால் இல்லை. முழுக்கச் சுயநலம்.

எங்கள் வீடு தெருவின் கடைசி வீடு. எங்களைத் தாண்டினால் சிவப்பு வில்லைகள் பதித்த ஒரு தடுப்பு, அதற்கு அப்பால் சோயா வயல். வீட்டை வாங்கியதே அந்தத் தடுப்புக்காகத்தான். வண்டி வராது, பிள்ளைகள் சைக்கிள் ஓட்டலாம். ஒரு வசந்த காலத்தில் வயலோரத்தில் மஞ்சள் பலகை ஒன்று முளைத்தது. 112 வீடுகளுக்கு விண்ணப்பம் வந்திருக்கிறது, பொது விசாரணை இந்தத் தேதியில். திட்ட வரைபடத்தைப் பார்த்தால் எங்கள் தெரு தடுப்பைப் பிய்த்துக்கொண்டு நேராக அந்த மனைப்பிரிவுக்குள் போகிறது.

விசாரணையில் ஆளுக்கு மூன்று நிமிடம். ராத்திரி உட்கார்ந்து எழுதிக்கொண்டு போயிருந்தேன். பிள்ளைகளின் பாதுகாப்பு, தெருவின் அமைதி, எங்களைக் கேட்காமல் முடிவெடுத்தது என்று வரிசையாகச் சொன்னேன். கொஞ்சம் கைத்தட்டல்கூட வந்தது. பிறகு நகரத் திட்ட அலுவலர் திரையில் ஒரு பழைய வரைபடத்தைப் போட்டார். எங்கள் மனைப்பிரிவின் சொந்த வரைபடம். எங்கள் தெரு எல்லைக்கோடு வரை போய் நிற்கிறது. பக்கத்தில், பொதுப் பயனுக்காக அர்ப்பணிக்கப்பட்டது என்று கையெழுத்து, தேதி. நான் வீடு வாங்குவதற்குப் பதினொரு வருடம் முன்னால் எங்கள் பில்டர் எழுதிக் கொடுத்தது. தடுப்பில் ஒரு அறிவிப்புகூட இருக்கிறது என்றார் அவர், மரியாதையாகத்தான். வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். புதர் மூடியிருந்தது. கிளையை விலக்கினால்: இந்தச் சாலை பிற்காலத்தில் நீட்டிக்கப்படும்.

அந்தப் புதருக்குத் தண்ணீர் ஊற்றி வளர்த்தவன் நான்.

அன்று எனக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவர் வேறொரு ஊரில் முப்பது வருடம் சாலைப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெளியே வந்ததும், வருத்தப்படாதீர்கள், நீங்கள் வந்த கூட்டமே தவறான கூட்டம் என்றார். பேரம் எல்லாம் ஏழெட்டு மாதம் முன்பே ஒரு சின்ன அறையில் முடிந்திருக்கும், விண்ணப்பம் போடுவதற்கு முந்தைய ஆலோசனைக் கூட்டம் என்று அதற்குப் பெயர். பில்டரின் பொறியாளர், ஊரின் பொறியாளர், மேஜை மேல் ஒரு வரைபடம். பொது விசாரணை அந்தக் கல்யாணத்துக்கு வரவேற்பு மாதிரி, அவ்வளவுதான். முகூர்த்தம் முடிந்துவிட்டது என்று நான் மனதுக்குள் தமிழில் சேர்த்துக்கொண்டேன்.

அந்த ஆலோசனைக் கூட்டத்தின் குறிப்புகள் பொது ஆவணம். கேட்டு வாங்கிப் படித்தேன். இரண்டாவது பக்கத்திலேயே சுவாரசியமாகிவிட்டது. ஊர் முதலில் கேட்டது, மனைப்பிரிவின் முன்னால் மட்டுமில்லாமல் பக்கத்துச் சந்திப்பு வரை அரை மைல் சாலையை முழு அகலத்துக்குப் புதிதாகப் போடும்படி. பில்டர் கொடுக்க வந்தது, பதினேழு அடி நிலமும் நுழைவாயிலில் ஒரு திரும்பும் தடமும். முடிந்தது இரண்டுக்கும் நடுவில்: நிலம், தன் வேலிக்கு எதிரே பாதிச் சாலை, நடைபாதை, பிறகு சந்திப்பில் என்றோ வரப்போகும் சிக்னலுக்கு ஒரு பங்கு. அந்தப் பங்கு எட்டு விழுக்காடு.

எட்டு எப்படி வந்தது? போக்குவரத்துப் பொறியாளர் கழகம் வெளியிடும் தடித்த கையேடு ஒன்று இருக்கிறது. தனி வீடு ஒன்றிலிருந்து ஒரு வார நாளில் போவதும் வருவதுமாகச் சுமார் ஒன்பதரைப் பயணம் என்று அது சொல்கிறது. மாலை நெரிசல் மணியில் வீட்டுக்குக் கிட்டத்தட்ட ஒன்று. 112 வீடு என்றால் நாளைக்கு ஆயிரத்துச் சொச்சம், நெரிசல் மணியில் நூற்றுச் சொச்சம். சந்திப்பு வருங்காலத்தில் தாங்கப்போகும் மொத்த வண்டிகளில் இது எத்தனை பங்கோ அத்தனை பங்கு செலவு. என்னைப் போல முதல் தடவை பார்ப்பவர்கள், எங்கள் வீட்டில் யார் ஒன்பதரைத் தடவை போகிறார்கள் என்று கேட்பார்கள். நானும் கேட்டேன். பிறகு ஒரு நாள் எண்ணினேன். இரண்டு பேர் வேலைக்குப் போய் வந்தது நாலு, பள்ளி நாலு, கடை இரண்டு, பார்சல் வண்டி வந்து போனது இரண்டு. பன்னிரண்டு! கையேட்டை விட்டுவிட்டேன்.

எட்டு விழுக்காடு நியாயம்தான். ஆனால் எட்டு விழுக்காடு சிக்னல் என்று ஒன்று கிடையாது. அந்தப் பணம் தனிக் கணக்கில் போய் உட்காரும். அடுத்த மனைப்பிரிவு வந்தால் இன்னொரு ஆறு, அதற்கடுத்தது பதினொன்று. நடுவில் நிலச் சந்தை படுத்துவிட்டால் எல்லாம் அப்படியே கிடக்கும். கட்டுமானச் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போகும். இப்படிப் பணத்தை வாங்கிப் போட்டுவிட்டு ஊர்கள் தூங்கக் கூடாது என்று மாநிலங்கள் சட்டம் வைத்திருக்கின்றன. கலிஃபோர்னியாவில், செலவாகாமல் கிடக்கும் பணத்துக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எதற்காக வைத்திருக்கிறோம் என்று எழுத்தில் காரணம் காட்ட வேண்டும்; இல்லையென்றால் திருப்பித் தர வேண்டும். டெக்ஸாஸ் 1987-ல் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டது. ஓரிடத்தில் வசூலித்த சாலைக் கட்டணத்தை ஊரின் மறுகோடியில் கொண்டுபோய்க் கொட்டக் கூடாது என்று ஆறு மைல் வரம்புகூட அதில் உண்டு.

மீதித் தொண்ணூற்றிரண்டு விழுக்காடு? அதில் பெரும்பங்கு ஏற்கெனவே இங்கே இருக்கிறவர்களுடையது. என்னுடையது. அந்தச் சந்திப்பு நான் வந்த நாளிலிருந்தே மோசம். பழைய குறைக்குப் புதிதாக வருகிறவனிடம் வசூல் செய்யக் கூடாது என்பது இந்தத் துறையின் அடிப்படைப் பாடம். சரி, பழையவர்கள் தங்கள் பங்கை வரியாகக் கொடுப்பார்களா? எங்கள் ஊரில் சாலைக்கான கடன் பத்திரத்தை வாக்கெடுப்பில் இரண்டு முறை தோற்கடித்திருக்கிறார்கள். முதல் முறை நானும் எதிர்த்துத்தான் வாக்களித்தேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். 1978-ல் கலிஃபோர்னியா மக்கள் சொத்து வரியை ஒரு விழுக்காட்டுக்குள் கட்டிப்போட்ட பிறகு, அங்கே புது வீடுகள் மீதான கட்டணங்கள் மளமளவென்று வளர்ந்ததில் ஆச்சரியமே இல்லை. புது வீட்டில் குடியேறப் போகிறவருக்கு இந்த ஊரில் இன்னும் வாக்கு இல்லை. மேஜையில் இல்லாதவர் இலையில்தான் எல்லோரும் கை வைக்கிறார்கள்.

இதற்கு எல்லை எங்கே என்று கேட்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போன வழக்குகளில், எனக்குப் பிடித்தது ஒரு குழாய்க் கடை வழக்கு. ஓரகன் மாநிலத்தில் டைகார்ட் என்ற ஊர். ஃப்ளாரன்ஸ் டோலன் என்பவர் அங்கே குழாய், மின்சாதனக் கடை வைத்திருந்தார். 9,700 சதுர அடிக் கடையை 17,600 ஆக்கி, 39 வண்டிகள் நிறுத்தத் தளமும் போட அனுமதி கேட்டார். ஊர் சொன்னது: பின்னால் ஓடும் ஃபானோ ஓடையின் வெள்ளப் படுகையை எங்களுக்கு எழுதிக் கொடுங்கள், அதையொட்டி இன்னும் பதினைந்தடி நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் வேண்டும். மொத்தம் ஏறத்தாழ 7,000 சதுர அடி, அவர் நிலத்தில் பத்தில் ஒரு பங்கு. பாதைக்கு என்ன காரணம்? கடை பெரிதானால் நாளைக்கு 435 பயணம் கூடும். சைக்கிள் பாதை இருந்தால் அதில் கொஞ்சம் குறையக்கூடும்.

குறையக்கூடும் என்கிற அந்தச் சொல்லில்தான் ஊர் மாட்டிக்கொண்டது. 1994-ல் ஐந்துக்கு நாலு என்று வந்த தீர்ப்பு, குறையும் என்றோ குறைய வாய்ப்பு அதிகம் என்றோ நீங்கள் காட்டவில்லையே என்று கேட்டது. துல்லியமான கணிதம் வேண்டாம். ஆனால் கேட்கிற நிலத்துக்கும் இந்தக் கட்டடம் கொண்டுவரும் பாதிப்புக்கும் தோராயமாகவாவது பொருத்தம் இருக்கிறது என்று, இந்த ஒரு மனைக்கென்று பார்த்துச் சொல்ல வேண்டும். தமிழில் இரண்டே சொல்லில் சொல்லலாம்: கணக்கைக் காட்டு. 1997-ல் ஊர் 15 லட்சம் டாலர் கொடுத்துச் சமாதானமாகப் போனது. ஒரு சைக்கிள் பாதைக்கு.

டோலன் தீர்ப்புக்கு ஏழு வருடம் முன்னால், 1987-ல், கலிஃபோர்னியாக் கடற்கரையில் வீட்டை இடித்துக் கட்ட வந்த நோலன் தம்பதியிடம், பொதுமக்கள் உங்கள் மணல் வழியே நடந்துபோக வழி விடுங்கள் என்று கேட்ட வழக்கில் இந்த விதியின் முதல் பாதி தீர்மானமாகியிருந்தது: கேட்பதற்கும் பிரச்சினைக்கும் முதலில் சம்பந்தம் இருக்க வேண்டும். சம்பந்தம் இருந்தால் அப்புறம்தான் அளவு. 2013-ல் ஃப்ளோரிடாவின் கூன்ட்ஸ் வழக்கு, நிலத்துக்குப் பதில் பணம் கேட்டாலும் இதே விதிதான் என்றது.

டெக்ஸாஸில் ஃப்ளவர் மவுண்ட் என்ற ஊரின் கதை எங்கள் ரம்பப்பல் சாலைக்கு இன்னும் நெருக்கம். மனைப்பிரிவை ஒட்டிய தார்ச்சாலை நல்ல நிலையில்தான் இருந்தது. அதைப் பெயர்த்துவிட்டுக் கான்கிரீட்டில் போட்டால்தான் அனுமதி என்றது ஊர். பில்டர் புத்திசாலி. மறுத்து உட்கார்ந்திருந்தால் வட்டி ஏறும். முதலில் சாலையைப் போட்டார், அதன் பிறகு வழக்குப் போட்டார். 2004-ல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. ஊர் நாலு லட்சம் டாலருக்கு மேல் திருப்பித் தர வேண்டியதாயிற்று. ஓய்வுபெற்ற பொறியாளர் இந்த வழக்கைச் சொல்லும்போதெல்லாம் தலையில் கை வைத்துக்கொள்வார். அந்தக் காலத்தில் தான் கேட்ட சாலைகளை எண்ணிப் பார்க்கிறாரோ என்னவோ.

பேரமே வேண்டாம், எல்லோருக்கும் ஒரே விலைப்பட்டியல் என்று வைத்துவிட்டால்? நான் ரொம்ப நாள் அந்தக் கட்சிதான். கட்டணம் முன்கூட்டியே தெரிந்தால் பில்டர் அதைக் கழித்துக்கொண்டு விவசாயிக்குக் குறைத்து விலை சொல்வார்; வீடு வாங்குகிறவர் தலையில் முழுதும் விழாது. கவுண்டரில் திடீரென்று சொன்னால்தான் வீட்டு விலையில் ஏறும். அதிகாரிக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேச்சும் இருக்காது. பிறகு ஷீட்ஸ் வழக்கைப் படித்தேன். கலிஃபோர்னியாவில் எல் டொராடோ மாவட்டம். ஜார்ஜ் ஷீட்ஸ் தன் நிலத்தில் தொழிற்சாலையில் செய்த ஒரு சின்ன வீட்டைக் கொண்டுவந்து வைக்க அனுமதி கேட்டார். பட்டியலைப் பார்த்து 23,420 டாலர் போக்குவரத்துக் கட்டணம் என்றார்கள். இந்த ஒரு வீட்டால் எவ்வளவு என்று யாரும் பார்க்கவில்லை. கட்டடத்தின் வகை, இருக்கும் மண்டலம், அவ்வளவுதான். மாவட்டக் குழு சட்டமன்றம் போலக் கூடி வாக்களித்துப் போட்ட கட்டணம், அதற்கு நோலன், டோலன் விதியெல்லாம் பொருந்தாது என்று கீழ் நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது பேரும் ஒரே குரலில், யார் போட்டாலும் பொருந்தும் என்றார்கள். பட்டியலே கூடாது என்று சொல்லவில்லை. ஒரு வகைக் கட்டடங்களுக்கு மொத்தமாகப் போட்ட கணக்கு போதுமா, வீட்டுக்கு வீடு பார்க்க வேண்டுமா என்பதை அப்படியே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வீடு பார்த்தால் பட்டியல் எதற்கு? பார்க்கவே வேண்டாம் என்றால் ஷீட்ஸ் எதற்குக் கொடுத்தார்? இரண்டு நாள் யோசித்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை. இப்போது நான் எந்தக் கட்சியிலும் இல்லை. கவுன்சில் கூட்டத்தில் கட்டணம் என்று பேச்சு வந்தால், அதன் பின்னால் இருக்கும் ஆய்வறிக்கையை மட்டும் கேட்டு வாங்கிப் படிக்கிறேன்.

எங்கள் தெருத் தடுப்பைப் போன இலையுதிர்காலத்தில் எடுத்தார்கள். அரை மணி நேர வேலை. ஒருவர் திருகாணிகளைக் கழற்றினார், இன்னொருவர் பலகையை லாரியில் போட்டார். அடுத்த வாரம் ஒரு நாள் காலை ஏழு மணியிலிருந்து எட்டு வரை ஜன்னலில் உட்கார்ந்து எண்ணினேன். இருபத்து மூன்று வண்டி. ஆய்வறிக்கை முப்பத்தொன்று என்று சொல்லியிருந்தது. இன்னும் எல்லா வீட்டிலும் ஆள் வரவில்லை. பிள்ளைகள் அந்தப் பக்கம் இரண்டு நண்பர்களைப் பிடித்துவிட்டார்கள். சைக்கிளில் அங்கேதான் போகிறார்கள். என் மூன்று நிமிடப் பேச்சைப் பற்றி இப்போது யாரும் வீட்டில் பேசுவதில்லை.

நூலகச் சாலையில் புது மனைப்பிரிவுக்கு எதிரே மூன்றாவது பல் வந்துவிட்டது. பளபளவென்று இருக்கிறது. அதற்கும் அடுத்த மனைப்பிரிவுக்கும் நடுவில் ஒரு பழைய பண்ணை வீடு மட்டும் பாக்கி. அங்கே ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். நிலத்தை விற்கவில்லை, எதுவும் கட்டவும் இல்லை. அதனால் அவரிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது. இரண்டு பக்கமும் விரிந்து வந்த சாலை அவர் வீட்டு வாசலில் மட்டும் நடுக்கோட்டிலிருந்து 33 அடிக்கு ஒடுங்கிப் போகும். அகலத்தில் வேகமாக வந்து பழகிய வண்டிகள் அந்த இடத்தில் தடுமாறும். அவருடைய தபால் பெட்டியைப் போன மாதமும் யாரோ இடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மூன்றாவது தடவை. இந்த முறை கம்பத்தை இரண்டடி உள்ளே தள்ளி நட்டு வைத்திருக்கிறார்.